ஜப்பானில் ஒரு நாளைக்கு 15,000 யென் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: நீங்கள், உங்கள் மனைவி, 9 வயது மகன். நவம்பர் பிற்பாதியில் டோக்கியோவில் 4 இரவு, கியோட்டோவில் 3, ஒசாகாவில் 2. டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவில் விமானம் ஏறி ஊர் திரும்புகிறீர்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 15,000 யென் வைத்திருக்கிறீர்கள். டிராவல் ஏஜென்ட் நாளைக்கு 50,000 ஆகும் என்கிறார். யூடியூபில் ஒருவர் 6,000 போதும் என்கிறார். இரண்டுக்கும் நடுவில் குழம்பிப்போய், யார் சொல்வது பொய் என்று கேட்கிறீர்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. நாள் செலவு என்ற சொல்லுக்குள் எதையெல்லாம் போட்டு அடைக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். ஏஜென்ட் ஓட்டல், ஷின்கான்சென் அதிவேக ரயில், டிஸ்னிலேண்ட் எல்லாவற்றையும் கூட்டி நாட்களால் வகுத்திருப்பார். அந்த யூடியூப் பையன் தனி ஆள். சாப்பாடும் உள்ளூர் ரயிலும் மட்டும் கணக்கில் வைத்திருப்பார். உங்கள் 15,000 எதைக் குறிக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி. 12 வருடமாக டோக்கியோவில் மென்பொருள் வேலை. குடியிருப்பது எடோகாவா வட்டாரத்தின் நிஷி-காசாயில். இந்தியர்கள் நிறைய இருக்கும் பகுதி. வருடத்துக்கு இரண்டு மூன்று குடும்பமாவது ஊரிலிருந்து வரும், சித்தப்பா வீடு, மச்சான் வீடு, நண்பனின் அப்பா அம்மா என்று. அவர்கள் செய்த செலவை ஒரு எக்செல் தாளில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நான் பயணத் தொழிலில் இருப்பவன் இல்லை. சொகுசு ரியோகான் விடுதிகளைப் பற்றி என்னைக் கேட்டால் பிரயோஜனமில்லை. நடுத்தரக் குடும்பம் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா சுற்றினால் காசு எங்கே போகும் என்பது மட்டும் ஓரளவு தெரியும்.

அப்படிப் பார்த்ததில் எனக்குப் பட்டது: ஜப்பானில் ஊருக்குள் இருக்கும்வரை செலவு கட்டுக்குள்தான் இருக்கும். ஊர் மாறும்போதும், தவறான தேதியில் அறை போடும்போதும்தான் பை காலியாகும். அதனால் நான் யாருக்குத் திட்டம் போட்டாலும் கணக்கை இரண்டாகப் பிரித்துவிடுவேன். கிளம்பும் முன்பே முடிவாகிவிடும் பணம் ஒன்று, தினமும் பர்ஸில் இருந்து போகும் பணம் ஒன்று. இரண்டையும் கலந்து சராசரி போட்டால் எந்த எண்ணும் உதவாது.

முதலில் பர்ஸ் கணக்கு. காலை உணவுக்கு கோன்பினி எனப்படும் 24 மணி நேரக் கடையில் ரொட்டி, ஓனிகிரி சோற்றுருண்டை, பால், காபி என்று மூவருக்கும் 1,500 யென். மதியம் ஒரு சாதாரண உணவகத்தில் ஆளுக்கு 1,000 முதல் 1,300 வரை, பையனுக்குக் கொஞ்சம் குறைவு. 3,200 என்று வையுங்கள். இரவுக்கு 4,000. இடையில் டீ, ஐஸ்கிரீம், தானியங்கி இயந்திரத்தில் ஒரு பாட்டில் என்று 800. ஆக மொத்தம் சாப்பாடு 9,500. ஊருக்குள் ரயில், பஸ்ஸுக்கு 2,000. கோயில், கோட்டை, அருங்காட்சியக நுழைவுக்குச் சராசரியாக 2,000. லாக்கர், துணி துவைக்கும் இயந்திரம், பையன் கைநீட்டிக் கேட்கும் ஏதாவது ஒன்றுக்கு 1,500. கூட்டினால் சரியாக 15,000. கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் நடக்கும். 100 யென்னுக்கு 60 ரூபாய் என்று வைத்தால் 9,000 ரூபாய். இந்த மாற்று விகிதம் நம் கையில் இல்லை. 2011-ல் ஒரு டாலருக்கு 80 யென்னுக்கும் கீழே இருந்தது, 2024 ஜூலையில் 160-ஐத் தாண்டியது. அதனால் முதலில் யென்னிலேயே திட்டம் போட்டுவிட்டு, ரூபாய்க் கணக்கைக் கிளம்பும் வாரத்தில் பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் மனைவி முட்டைகூடச் சாப்பிடமாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மேலே போட்ட 9,500 அசைவம் சாப்பிடும் குடும்பத்துக்குச் சுலபம். சங்கிலிக் கடைகளில் ஒரு கிண்ணம் மாட்டிறைச்சிச் சோறு 500 யென் அளவில் கிடைத்துவிடும். சைவத்துக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. உதோன், சோபா நூடுல்ஸ், மிசோ சூப் என்று பார்க்கச் சைவமாகத் தெரிவதிலெல்லாம் தாஷி என்ற குழம்புத்தண்ணீர் இருக்கும். அதில் பெரும்பாலும் உலர்ந்த கட்சுவோ மீன் சேரும். "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் மனதாரத்தான் சொல்வார், அவர் கணக்கில் தாஷி இறைச்சியே இல்லை.

ஆகவே சைவக் குடும்பங்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு வேறு. மதியச் சாப்பாட்டைப் பெரிதாக வையுங்கள். இந்திய உணவகம் எல்லாப் பெரிய ரயில் நிலையங்களுக்கு அருகிலும் ஒன்றாவது இருக்கும். மதிய செட் 1,000 முதல் 1,300 யென்னுக்குள் கறியும் நானும் வயிறு நிறையக் கொடுப்பார்கள். அதே கடையில் இரவு அந்த செட் இருக்காது. தனித்தனியாக வாங்கினால் ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு. இரவுக்கு சாய்செரியா என்ற இத்தாலிய உணவுச் சங்கிலியை யோசியுங்கள். மார்கரிட்டா பீட்சா 400 யென் அளவுதான், மூவரும் 2,000-க்குள் எழுந்துவிடலாம். டோக்கியோ நிலையத்துக்குள் டீஸ் தன்தன் என்று முழுக்கச் சைவ ராமென் நூடுல்ஸ் கடை ஒன்று உண்டு, முட்டை பால்கூடக் கிடையாது. ஆனால் அது டிக்கெட் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது, அதனால் ரயிலில் வந்து மாறும் நாளில் போவதுதான் சரி. கோன்பினியில் ஊறுகாய்ப் பிளம் வைத்த உமே ஓனிகிரி ஓரளவு பாதுகாப்பானது, ஆனாலும் பின்னால் உள்ள பொருட்பட்டியலை கைப்பேசியின் மொழிபெயர்ப்பு கேமராவில் ஒருமுறை காட்டிப் பாருங்கள். ரொட்டி வகையில் பலவற்றில் முட்டை இருக்கும்.

அப்புறம், ஊரிலிருந்து புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டு வாருங்கள். சூப்பர் மார்க்கெட்டில் மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் சூடாகும் சோற்று டப்பா கிடைக்கும். 2025-ல் இங்கே அரிசி விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகி அதுவும் ஏறியிருக்கிறது, என்றாலும் ஒரு டப்பா 200 யென்னைச் சுற்றித்தான். சோறு கொஞ்சம் ஒட்டும். புளிக்காய்ச்சலுக்கு அது ஒன்றும் குறையாகத் தெரியாது. பல பிசினஸ் ஓட்டல்களில் கீழ்த்தளத்தில் பொதுவாக ஒரு மைக்ரோவேவ் வைத்திருப்பார்கள். மூன்று இரவு இப்படிச் சாப்பிட்டாலே 6,000, 7,000 யென் மிச்சம். இறைச்சி சேர்ந்த எந்தப் பொட்டலத்தையும் கொண்டு வராதீர்கள், பச்சைக் கறிவேப்பிலை, பழம் எதுவும் வேண்டாம். விமான நிலையத்தில் பிடிப்பார்கள்.

கடையில் ஒரு பொருளுக்கு இரண்டு விலை எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். பெரிய எழுத்தில் இருப்பது பல கடைகளில் வரி சேராத விலை, கீழே சின்னதாக இருப்பதுதான் நீங்கள் கொடுக்கப்போவது. வரி 10 சதவீதம். உணவைக் கையில் எடுத்துப்போனால் 8, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10. டிப்ஸ் என்ற வழக்கமே கிடையாது. மேசையில் விட்டுவந்தால் பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள். உணவகத்தில் தண்ணீர் இலவசம், குழாய்த் தண்ணீரும் குடிக்கலாம். ஆனால் இசகாயா எனப்படும் மதுக்கூட உணவகத்தில் உட்கார்ந்தவுடன் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வைப்பார்கள். அது ஓதோஷி, ஆளுக்கு 300 முதல் 500 வரை பில்லில் ஏறும். ஏமாற்று இல்லை, வழக்கம்.

உள்ளூர்ப் பயணத்தில் டோக்கியோ சுலபம். மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணம் 180 யென், நாலைந்து தடவை ஏறி இறங்கினாலும் ஆயிரத்துக்குள் வரும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு 24, 48, 72 மணி நேரச் சீட்டுகள் உண்டு, டோக்கியோ மெட்ரோ, தோயேய் இரண்டு நிறுவன ரயிலிலும் செல்லும். அது காலண்டர் நாளாக இல்லாமல், முதல் தடவை கேட்டில் நுழைத்த நேரத்தில் இருந்து கணக்கு. மதியம் 2 மணிக்குத் தொடங்கினால் சீட்டைப் பொறுத்து மறுநாளோ, மூன்றாம் நாளோ, நான்காம் நாளோ மதியம் 2 மணி வரை. யாமனோத்தே போன்ற, ஜேஆர் எனப்படும் ஜப்பான் ரயில்வே நிறுவனங்களின் ரயிலில் அது செல்லாது. இதைத் தெரியாமல் கேட்டில் மாட்டிக்கொள்ளாத விருந்தாளி எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

கியோட்டோவில் பஸ் ஒரே கட்டணம், 230 யென். பஸ்ஸுக்கு மட்டும் இருந்த ஒரு நாள் சீட்டை நிறுத்திவிட்டார்கள். பழைய வலைப்பதிவுகளில் இன்னும் அதைப் பரிந்துரைத்துக்கொண்டிருப்பார்கள். இப்போது இருப்பது பஸ்ஸும் மெட்ரோவும் சேர்ந்த சீட்டு, 1,100 யென். ஒரு நாளில் ஐந்து தடவை பஸ் ஏறினால்தான் லாபம். நவம்பர் கடைசியில் இலை சிவக்கும் பருவம், பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது, ஐந்து தடவை ஏறவே முடியாது. கியோட்டோ நிலையத்தில் இருந்து ஃபுஷிமி இனாரிக்கு ஜேஆர் ரயிலில் இரண்டே நிறுத்தம். அந்தக் கோயிலுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, இரவிலும் திறந்திருக்கும். கின்காகுஜி, கியோமிசுதேரா கோயில்கள் இரண்டும் பெரியவர்களுக்கு 500. டோக்கியோவில் சென்சோஜி, மெய்ஜி ஜிங்கூ கோயில்கள் இலவசம். உயரத்தில் இருந்து ஊரைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கொடுக்கவேண்டியதில்லை. ஷின்ஜுக்குவில் டோக்கியோ அரசுக் கட்டடத்தின் 45-ஆம் மாடி இலவசம், 202 மீட்டர் உயரம். ஒசாகா கோட்டை 2025-ல் 600-லிருந்து 1,200 ஆனது. வெளியே சுற்றிப் பார்ப்பது இலவசம், என் பார்வையில் அதுவே போதும். உள்ளே இருப்பது 1931-ல் கட்டிய கான்கிரீட் கட்டடம், லிஃப்ட் உட்பட.

இனி கிளம்பும் முன்பே முடிவாகும் பணம். இதில்தான் நீங்கள் கவனமாக இருக்கவேண்டும். ஜேஆர் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு விருப்பம்போல் ஏறி இறங்க உதவும் ஜேஆர் பாஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 7 நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தவரை அது நல்ல யோசனை. 2023 அக்டோபரில் 50,000 ஆக்கிவிட்டார்கள். உங்களுக்குத் தேவைப்படும் நீண்ட பயணம் ஒன்றே ஒன்று, டோக்கியோவில் இருந்து கியோட்டோ. முன்பதிவு இருக்கையோடு 14,000 சொச்சம், பையனுக்குப் பாதி. மூவருக்கும் 35,000 சொச்சத்தில் முடிந்தது. டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா போய் மறுபடி டோக்கியோ திரும்பினால்கூட ஆளுக்கு 45,000 அளவில்தான் வரும், பாஸ் விலையை எட்டாது. ஒசாகாவில் இருந்து விமானம் ஏறுவது என்று நீங்கள் முடிவு செய்ததே பெரிய மிச்சம். அதே ரயிலில் பெரிய பெட்டி கொண்டுவருவதானால் ஒரு விஷயம்: நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதற்கான இடத்தோடு கூடிய இருக்கையை முன்பதிவு செய்யவேண்டும். செய்தால் கூடுதல் காசு இல்லை, செய்யாமல் ஏறினால் 1,000 யென்.

ஓட்டலைப் பற்றி நான் உறுதியாக ஓர் எண் சொல்லமாட்டேன், சொல்பவரை நம்பவும் வேண்டாம். மூவர் தங்கும் சாதாரண அறை டோக்கியோவில் 18,000 முதல் 25,000 வரை என்பது என் எக்செல் சொல்வது. அதே அறை சனிக்கிழமை இரவில் ஒன்றரை மடங்கு ஆவதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் பிரச்சினை கியோட்டோ. நவம்பர் 23 இங்கே தொழிலாளர் நன்றி நாள், அரசு விடுமுறை. அதை ஒட்டிய வாரக் கடைசியும் இலைப் பருவமும் ஒன்றாக வந்தால் விலை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. இதற்கு மேல் கியோட்டோவின் தங்கல் வரி 2026 மார்ச் 1 முதல் ஏறியிருக்கிறது. ஆளுக்கு 6,000 முதல் 20,000 யென்னுக்குள் வரும் அறைக்கு, ஆளுக்கு ஓர் இரவுக்கு 400. முன்பு 200 இருந்தது. பெரும்பாலும் ஓட்டலில் போய் இறங்கியதும் தனியாகக் கேட்பார்கள்.

ஆகையால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் கியோட்டோவில் தங்கவே மாட்டேன். 5 இரவும் ஒசாகாவிலேயே ஒரே அறை. ஒசாகா நிலையத்தில் இருந்து கியோட்டோவுக்கு ஜேஆர் அதிவிரைவு ரயிலில் அரை மணி நேரம், 580 யென். தனியார் ஹான்க்யூ ரயிலில் முக்கால் மணி நேரம், 410 யென். ஜேஆரிலேயே மூவரும் போய்த் திரும்ப ஒரு நாளைக்கு 2,900 ஆகும். அந்த வாரத்தில் அறை வாடகையில் கிடைக்கும் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு இருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை குறைவாக அலைவீர்கள், லாக்கர் செலவும் போச்சு. இதற்கு எதிராகச் சொல்லவும் ஒன்று உண்டு: விடிகாலையில் ஆள் இல்லாத கியோட்டோவைப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். அது உங்களுக்கு முக்கியம் என்றால் ஒரே ஓர் இரவு மட்டும், வாரநாளில், அங்கே தங்குங்கள்.

டிஸ்னிலேண்டுக்கு பையனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பெரியவர் சீட்டு தேதியைப் பொறுத்து 7,900 முதல் 10,900, பையனுக்கு 4,700 முதல் 5,600. விலை கூடிய நாளில் மூவருக்கும் 27,400. இதை நாள் செலவில் சேர்க்காதீர்கள். முன்கூட்டியே வாங்கி ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கலாம். 10 நாள் பர்ஸ் கணக்கு 1,50,000. ஷின்கான்சென் 35,000. நாரித்தா விமான நிலையத்தில் இருந்து டோக்கியோ நகருக்கு 1,500 யென் அளவில் போகும் மலிவு பஸ், கடைசி நாள் நான்காய் ரயிலில் ஒசாகாவின் நம்பாவில் இருந்து கான்சாய் விமான நிலையம் 970 யென், பையனுக்குப் பாதி; இரண்டும் சேர்த்து 6,000. டிஸ்னி 27,400. 9 இரவு அறை சராசரி 22,000 என்று வைத்தால் 1,98,000. அவசரத்துக்கு 30,000. மொத்தம் சுமார் 4,46,000 யென். ரூபாயில் இரண்டே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, விமானச் சீட்டும் விசாவும் நீங்கலாக. நாளால் வகுத்தால் 44,600. ஏஜென்ட் சொன்ன 50,000-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள். பர்ஸ் கணக்கான 15,000-ஐ இரண்டரை ஆளால் வகுத்தால் ஆளுக்கு 6,000. அது யூடியூப் பையன் சொன்ன எண்.

அவசரத்துக்கு என்று 30,000 போட்டது பயமுறுத்த அல்ல. என் மச்சான் வந்தபோது ஷின்ஜுக்குவில் கடைசி ரயிலை விட்டுவிட்டோம். நள்ளிரவைத் தாண்டியதும் ரயில் நின்றுவிடும், விடிகாலை வரை கிடையாது. டோக்கியோ டாக்ஸி முதல் ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்கு 500 யென் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, பரவாயில்லையே என்று ஏறினோம். இரவு 10 மணிக்கு மேல் 20 சதவீதம் கூடுதல். நிஷி-காசாய் வந்து இறங்கும்போது மீட்டர் 7,000-த்தைத் தாண்டியிருந்தது. மச்சான் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இரவு 10 மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

பணத்தை எப்படிக் கொண்டுவருவது என்பது கடைசிக் கேள்வி. ஓட்டல், ஷின்கான்சென், டிஸ்னி மூன்றும் கார்டில் போகட்டும். கார்டு இயந்திரம் ரூபாயிலா யென்னிலா என்று கேட்டால் எப்போதும் யென். ரூபாய் என்று தொட்டால் மோசமான விகிதத்தில் மாற்றிவிடும். உங்கள் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் எவ்வளவு பிடிக்கிறது என்று முன்பே கேளுங்கள், 3.5 சதவீதம் வரை பிடிக்கும் கார்டுகள் உண்டு, அதன்மேல் ஜிஎஸ்டி. ரொக்கம் 40,000, 50,000 யென் கையில் இருந்தால் போதும், தீர்ந்தால் செவன் லெவன் கடைகளில் உள்ள ஏடிஎம் வெளிநாட்டுக் கார்டை ஏற்கும். சின்ன உணவகங்களின் சீட்டு இயந்திரம், கோயில் வாசல், ரயில் கார்டில் பணம் ஏற்றுவது எல்லாம் இன்னும் பெரும்பாலும் ரொக்கம்தான். 2024 ஜூலையில் புதிய நோட்டுகள் வந்தன. பழைய இயந்திரங்கள் சில அவற்றைத் துப்பிவிடும், அதனால் 100 யென் நாணயங்கள் கொஞ்சம் வைத்திருங்கள்.

பெரியவர்களுக்கு சுய்கா என்ற, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ரயில் கார்டு டோக்கியோவில் எந்தப் பெரிய நிலையத்திலும் கிடைக்கும், ஒசாகாவிலும் அதையே பயன்படுத்தலாம். பையனுக்கு மட்டும் கவுன்டருக்குப் போய் பாஸ்போர்ட்டைக் காட்டி குழந்தைகளுக்கான கார்டு வாங்குங்கள். பெரியவர் கார்டை அவன் கையில் கொடுத்தால் கேட் முழுக் கட்டணத்தையும் எடுத்துக்கொள்ளும். பாதிக் கட்டணம் அவனுக்கு உண்டு என்று அதற்குத் தெரியாது. நாணயங்களை ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள், அங்கே யாரும் மாற்றித் தரமாட்டார்கள். கான்சாய் விமான நிலையக் கடையில் எல்லாவற்றையும் தட்டில் கொட்டி, மீதியை மட்டும் கார்டில் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் பையனுக்கு ஒரு சாக்லேட். முடியாது என்றால் 500 யென் நாணயத்தை மட்டுமாவது தீர்த்துவிடுங்கள், அது ஒன்றே 300 ரூபாய்.